77 நாள் தண்ணீர்

சின்ன முக்குளிப்பான் ஜோடி ஒன்று ஒரு ஈடு முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகளைப் பறக்கும் பருவம்வரை வளர்த்தெடுக்க ஏறத்தாழ 77 நாள் ஆகிறது. அந்த 77 நாளும் கூட்டுக்கு அடியில் தண்ணீர் நிற்க வேண்டும். இந்தப் பறவைக்கு மரம் வேண்டாம், வயல் வேண்டாம், கரைகூட வேண்டாம். தூக்கம், இரை, கூடு, குஞ்சு எல்லாமே நீரின் மேல்தான். தண்ணீர் ஒன்றை மட்டுமே நம்பியிருப்பதால், அதன் குடும்பத்தை வரவு செலவுக் கணக்காகவே எழுதிப் பார்க்கலாம். கிராம், நொடி, சென்டிமீட்டர், நாள் என்று தொடங்கினால் முடிவில் ரூபாய்க்கு வந்து நிற்கிறது.

முதலில் உடம்பு. நீளம் சுமார் 25 செ.மீ., எடை 100 முதல் 200 கிராம். பார்வைக்குச் சின்ன வாத்து மாதிரி தெரியும், ஆனால் வாத்துக்கும் இதற்கும் உறவில்லை. மரபணு ஆய்வுகள் முக்குளிப்பான் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவாகப் பூநாரையைக் காட்டுகின்றன. ஒன்று நாலடி உயரத்தில் செந்நிறக் காலூன்றி நிற்பது, மற்றொன்று உள்ளங்கையில் அடங்குவது. உலகில் இன்று வாழும் முக்குளிப்பான் வகைகள் 20 அளவில் இருக்கின்றன. இந்தியாவில் 5 வகைகள் பதிவாகியுள்ளன. ஆண்டு முழுவதும் தமிழ்நாட்டு ஏரிகளில் குடியிருந்து குஞ்சு பொரிப்பது இந்தச் சின்ன முக்குளிப்பான் மட்டுமே.

இனப்பெருக்கக் காலத்தில் கன்னமும் கழுத்தும் செம்பழுப்பாக மாறும். வாயோரத்தில் இளமஞ்சள் புள்ளி ஒன்று பளிச்சென்று தெரியும், அதை வைத்தே தூரத்திலிருந்து அடையாளம் சொல்லிவிடலாம். மற்ற மாதங்களில் மங்கிய மண் நிறம். ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் வேறுபாடு கிடையாது. வால் என்று சொல்ல ஒன்றுமில்லை, சில மென்தூவிகள் மட்டும் உண்டு. கால்கள் உடம்பின் கடைக்கோடியில் பொருத்தப்பட்டிருக்கின்றன. வாத்துக்கு இருப்பது போல் விரல்களைச் சேர்க்கும் சவ்வு இதற்கு இல்லை. ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் தட்டையான தோல் இதழ் விரிந்திருக்கும். காலை முன்னால் கொண்டுவரும்போது இதழ் மடங்கிக்கொள்ளும், பின்னால் உதைக்கும்போது விரியும். நீருக்கடியில் இது தரும் ஆதாயம் பெரிது. நிலத்தில் அதே கால் முழு நட்டம். இரண்டு எட்டு வைத்தாலே தடுமாறும். நீர்ப்பரப்பில் ஓடித்தான் மேலெழும் என்பதால், தவறித் தரையில் இறங்கிவிட்டால் மறுபடி பறப்பது அநேகமாக முடியாத காரியம். ஏரி வற்றினால் வேறு ஏரி தேடிப் போகிறது. அந்தப் பயணத்தை இரவில்தான் செய்கிறது.

உடம்பில் இறகு மிக நெருக்கமாக அடைந்திருக்கிறது. முக்குளிப்பான் குடும்பத்துப் பறவைகளுக்கு 20,000-க்கும் மேற்பட்ட இறகுகள் இருப்பதாகச் சொல்வார்கள். இறகுகளுக்கிடையில் அடைபட்ட காற்றுதான் மிதவை. அபாயம் தெரிந்தால் இறகை உடம்போடு அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டுச் சத்தமில்லாமல் கீழே இறங்கும், தலை மட்டும் வெளியே தெரியும். இரைக்காகப் போகும்போது ஒரு சின்னத் துள்ளல், பிறகு தலைகீழ் முழுக்கு.

முழுக்குக் கணக்கு சுவையானது. ஒரு முழுக்கு பொதுவாக 10 முதல் 25 நொடி நீடிக்கும். பெரும்பாலும் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே வேலை முடிந்துவிடும், எப்போதாவது இரண்டு மீட்டர். ஒரு நாளைக்கு எத்தனை முழுக்கு தேவை என்று பார்க்க, அதன் அன்றாடச் செலவு தெரிய வேண்டும். காட்டில் சுதந்திரமாக வாழும் பறவை ஒரு நாளில் செலவிடும் ஆற்றலை எடையிலிருந்து கணிக்கக் கென்னத் நாகி என்ற உயிரியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 1999-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். 150 கிராம் பறவையை அதில் இட்டால் நாளொன்றுக்குச் சுமார் 318 கிலோஜூல் வருகிறது, அதாவது 76 கிலோகலோரி. நம் தட்டில் வைத்தால் அது இரண்டு சின்ன இட்லி. ஆனால் இரையில் பெரும்பகுதி தண்ணீர், செரிக்காமல் கழிவதும் உண்டு. ஆகவே 76 கிலோகலோரியைச் சேர்க்க 85 முதல் 100 கிராம்வரை இரை பிடித்தாக வேண்டும். 90 கிராம் என்று வைத்துக்கொள்கிறேன். தன் எடையில் பாதிக்கும் மேல்!

இனி வருவது என் தோராயம். தட்டான்பூச்சியின் நீர்வாழ் இளம்பருவம், நீர்வண்டு, தலைப்பிரட்டை, இறால் குஞ்சு, சிறு நத்தை, பொடிமீன் எல்லாவற்றையும் சேர்த்து ஓர் இரைக்குச் சராசரி கால் கிராம் என்று போட்டால், 90 கிராமுக்கு 360 இரை. இரண்டு முழுக்குக்கு ஒன்று பலிக்கிறது என்றால் 720 முழுக்கு. முழுக்குக்கு 15 நொடி வீதம் 10,800 நொடி, அதாவது 3 மணி நேரம். ஒவ்வொரு முழுக்குக்கும் இடையில் மேலே 15 நொடி மூச்சு வாங்குகிறது என்றால் இன்னொரு 3 மணி நேரம். பகல் 12 மணி நேரத்தில் பாதி வயிற்றுக்கே போகிறது. மீதிப் பாதியில்தான் கூடு கட்டுவதும், முட்டைக்கு முறை மாறி உட்காருவதும், எல்லையில் நுழைந்தவனை விரட்டுவதும், இறகு கோதுவதும் நடந்தாக வேண்டும். ஏரிநீர் கலங்கி இரை கண்ணில் படாமல் போய், நாலு முழுக்குக்கு ஒன்றே பலிக்கும் நிலை வந்தால் 720 என்பது 1,440 ஆகும், 6 மணி நேரம் 12 மணி நேரமாகும். அப்போது கூட்டுக்கு நேரமே இல்லை. கலங்கிய ஏரியில் முக்குளிப்பான் இருந்தும் குஞ்சு இல்லாமல் போவதற்கு இந்தக் கணக்கே போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதே 15 நொடி, பறவைகளை எண்ணுபவர்களுக்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. தன்னார்வலர்கள் கரையில் நின்று இருநோக்கியால் ஏரியை ஒரு முறை வருடி எண்ணுவார்கள். நாரைக்கும் கொக்குக்கும் இது சரி. இரை தேடிக்கொண்டிருக்கும் முக்குளிப்பான் எந்த நொடியிலும் பாதிக்குப் பாதி நீருக்குள் இருக்கிறது. ஒரே வருடலில் 10 என்று எழுதினால் ஏரியில் 20 இருந்திருக்கலாம். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு முழு நிமிடம் கண்ணை நகர்த்தாமல் நின்று எண்ணினால் இந்தப் பிழை பெருமளவு குறையும். உலக அளவில் இந்தப் பறவையின் தொகை 6 லட்சத்துக்கும் 35 லட்சத்துக்கும் இடைப்பட்டது என்றுதான் மதிப்பிட முடிந்திருக்கிறது. மேல் எண் கீழ் எண்ணைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. அழியும் அபாயம் இல்லாத பட்டியலில் இது இருப்பது உண்மை. ஆனால் இத்தனை அகலமான இடைவெளிக்குள் ஒரு லட்சம் குறைந்தால் யாருக்கும் தெரியாது.

இனி அந்த 77 நாள்.

கூடு கட்ட ஒரு வாரம். அழுகிய பாசி, கோரைத்தாள், சம்புச் சருகு ஆகியவற்றைக் குவித்து நீரில் மிதக்கவிட்டு, நின்றிருக்கும் கோரைத் தண்டுகளோடு பிணைத்துவிடும். மேடு நீரிலிருந்து சில சென்டிமீட்டர்தான் உயர்ந்திருக்கும். பார்க்கிறவருக்கு அது குப்பைக் குவியல். முட்டை 4 முதல் 6, நாளுக்கு ஒன்று வீதம். 5 என்று வைத்தால் 5 நாள். கடைசி முட்டைக்கு 20 நாள் அடை. பொரித்த குஞ்சு பறக்க 45 நாள் அளவில் ஆகும். 7, 5, 20, 45. கூட்டினால் 77.

ஒரு முட்டையின் நீளம் 3.5 செ.மீ.க்குச் சற்று மேல், எடை 12 முதல் 14 கிராம். ஐந்து முட்டைக்கு 60 முதல் 70 கிராம். 150 கிராம் தாய் ஐந்தே நாளில் தன் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காட்டை முட்டையாக வெளியேற்றுகிறது. மேலே சொன்ன 90 கிராம் அன்றாட இரையில் இந்தச் செலவு சேரவில்லை. அந்த ஐந்து நாளில் ஏரி அள்ளித் தர வேண்டும்.

இட்டபோது வெள்ளையாக இருக்கும் முட்டை சில நாளில் பழுப்பேறிவிடும், ஈரப்பாசியின் கறை. கூட்டை விட்டு இறங்க நேர்ந்தால், சில நொடிகளுக்குள் அலகால் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டே முழுகும். காகமோ பருந்தோ மேலே பறந்தால் அங்கே தெரிவது பாசி மட்டும். தாயும் தந்தையும் மாறி மாறி உட்காருகின்றன. எல்லா முட்டையும் இட்டு முடிக்கும் முன்பே அடை தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் ஒரே நாளில் வெளிவருவதில்லை. மூத்ததற்கும் இளையதற்கும் சில நாள் வித்தியாசம் விழுகிறது. இரை குறைந்த ஆண்டில் இளையதுதான் முதலில் போகும்.

வரிவரியான குஞ்சு பிறந்த அன்றே நீந்தும், ஆனால் குளிரும். ஆகவே முதல் வாரம் வீடு என்பது தாய் அல்லது தந்தையின் முதுகு. முட்டை எடையிலிருந்து கணக்கிட்டால் பிறந்த குஞ்சு 9 அல்லது 10 கிராம் இருக்கும். நான்கு ஏறினால் 40 கிராம், சுமப்பவரின் எடையில் கால்வாசிக்கும் மேல். அதோடு முழுகி இரை தேட முடியாது. அதனால் ஒன்று படகாக நிற்க, மற்றொன்று இரை கொண்டுவந்து ஊட்டும். 720 முழுக்கு என்ற கணக்கு இந்த நாள்களில் ஒரே பறவையின் தலையில் இன்னும் கூடுதலாக விழுகிறது. ஜோடியில் ஒன்று வலையில் சிக்கினால் மற்றொன்றால் குடும்பத்தைக் காப்பாற்ற முடியாமல் போவது இதனால்தான்.

இவ்வளவு செலவு இருப்பதால், இந்தக் காலத்தில் அக்கம்பக்கத்தைச் சகிக்காது. நாரைகளைப் போலக் கூட்டமாகக் கூடு கட்டும் பழக்கம் இதற்கில்லை. ஒவ்வொரு ஜோடியும் நீரில் ஒரு வட்டத்தைத் தனதென்று வைத்துக்கொண்டு, இன்னொன்று நுழைந்தால் கழுத்தை நீட்டி நீர்மட்டத்தில் பாய்ந்து விரட்டும். குதிரைக் கனைப்பு போல் நடுங்கி இறங்கும் அதன் குரல் எல்லை அறிவிப்பு. ஜோடி இரண்டும் சேர்ந்தே அதை எழுப்புவதுண்டு. கோரை அடர்ந்த ஏரியில் கண்ணால் எண்ணுவதைவிட விடியற்காலையில் இந்தக் குரலை எண்ணுவது நம்பகமானது. குஞ்சு பிரிந்து, செம்பழுப்பு உதிர்ந்ததும் குணம் மாறிவிடும். வற்றும் ஏரிகளிலிருந்து வந்து, நீர் மிஞ்சிய ஒரே ஏரியில் பத்து, இருபது, சில இடங்களில் அதற்கும் மேலாகத் தளர்ந்த கூட்டமாக மிதக்கும். அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஏரி செழிப்பாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. சுற்றியுள்ள ஏரிகள் காலியானதற்கும் அது சான்று.

தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. ஆண்டு மழையில் பாதியளவு அக்டோபர் முதல் டிசம்பர்வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. நவம்பர் இறுதியில் ஏரி நிறைந்து, டிசம்பர் முதல் வாரம் கூடு தொடங்கினால், 77-ஆம் நாள் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் வருகிறது. நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்தாலும் 77 நாளில் 385 மி.மீ. போய்விடும். கோரை முளைத்திருக்கும் ஓரத்தில் 60 செ.மீ. நீர் இருந்தால், மடை திறக்காமலேயே அது 21 செ.மீ. ஆகிறது. மடையும் திறந்தால் தரை. மிதக்கும் கூடு நீரோடு ஏறும், இறங்கும். மெதுவான மாற்றத்தை அது தாங்கும். தரைதட்டிய கூட்டுக்கு நாயும் கீரியும் நடந்தே வந்துவிடும்.

மடையைத் திறக்காதே என்று உழவரிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மி.மீ. அளவு நீர் வேண்டும், எக்டேருக்கு 1 கோடியே 20 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீருக்காகத்தான் ஏரி வெட்டப்பட்டது. பறவை பிழைத்தது மடைக்குக் கீழே எஞ்சிய நீரில். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே கிடக்கும் நீர் வயலுக்குப் போகாது, மாடும் மீனும் முக்குளிப்பானும் கோடைவரை அதில் வாழும். வண்டல் முதலில் நிரப்பியது இந்தப் பகுதியைத்தான். தூர் வாரும்போது உள்வாய் முழுவதையும் ஒரே மட்டமாகச் சுரண்டிக் கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டிவிடும் வேலைகளைப் பார்க்கிறேன். கொள்ளளவு ஏட்டில் ஏறுகிறது, கோரை நிற்க ஓரம் இல்லாமல் போகிறது. கரையை ஒட்டிய ஆழமான பகுதியை மதகு மட்டத்துக்குக் கீழே தோண்டி, நீர் வரத்துப் பக்கத்துச் சரிவைத் தொடாமல் விட்டால் அதே கன மீட்டர், அதே கூலி. ஒரு எக்டேரில் ஒரு மீட்டர் கூடுதலாகத் தோண்டினால் 1 கோடி லிட்டர் அங்கே நிற்கும்.

மீன் குத்தகைதாரர்களின் புகாரையும் கணக்கில் எடுக்க வேண்டும். முக்குளிப்பான் மீன் தின்கிறது, உண்மை. ஒரு ஈட்டுக்கு எவ்வளவு? பெரியவை இரண்டும் 77 நாளில் நாளுக்கு 90 கிராம் வீதம் சுமார் 14 கிலோ. நான்கு குஞ்சு, 45 நாள், சராசரி 50 கிராம் என்றால் 9 கிலோ. மொத்தம் 23 கிலோ. இதில் மீனின் பங்கு ஒரு பகுதி, அதுவும் விரல் நீளத்துக்குள் அடங்கும் பொடி. மீதி பூச்சியும் தலைப்பிரட்டையும். அந்தப் பூச்சிகள் யார்? மீன்குஞ்சு வளர்ப்புக் குளங்களில் நீர்வண்டும் தட்டான் இளம்பருவமும் மீன்குஞ்சுகளைத் தின்றுவிடுகின்றன என்று, குஞ்சு விடுவதற்கு முன் எக்டேருக்கு 56 கிலோ எண்ணெயும் 18 கிலோ சோப்பும் கரைத்துத் தெளிக்கச் சொல்வது நம் நாட்டு மீன் வளர்ப்பில் நெடுநாள் பரிந்துரை. எண்ணெய் கிலோ 150 ரூபாய், சோப்பு 80 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் எக்டேருக்கு 9,840 ரூபாய். காசு கொடுத்துக் கொல்லும் அதே பூச்சியைப் பறவை ஏரியில் சம்பளமில்லாமல் தின்கிறது. இந்த வரவைப் புகார் எழுதுபவர்கள் எழுதுவதில்லை.

வலையும் வெளிமீனும் என்ன செய்யும் என்பதற்கு மடகாஸ்கரின் அலாவுத்ரா ஏரி சாட்சி. அந்நாட்டின் மிகப் பெரிய ஏரி, சுற்றிலும் நெல். அங்கே மட்டுமே வாழ்ந்த அலாவுத்ரா முக்குளிப்பான் நம் பறவையின் நெருங்கிய சொந்தம், 1932-ல் அறிவியலில் பெயர் பெற்றது. 1980-களுக்குப் பிறகு உறுதியாகக் காணப்படாமல், 2010-ல் அழிந்ததாக அறிவிக்கப்பட்டது. காரணப் பட்டியலில் நைலான் செவுள் வலை, ஏரியில் விடப்பட்ட வெளிநாட்டு மீன்கள், கோரைச் சதுப்பு வயலானது, அங்கே பெருகிய சின்ன முக்குளிப்பானோடு கலந்து போனது எல்லாம் இருக்கின்றன. குவாத்தமாலாவின் அதித்லான் ஏரியிலும் இதுபோன்ற கதை. வேட்டை மீன் விடப்பட்ட சில ஆண்டுகளில், 1965 வாக்கில், அந்த ஏரிக்கே உரிய முக்குளிப்பான் 80 ஆகக் குறைந்தது. காவல் போட்டுக் காத்ததில் இடையில் தேறியது. 1976 நிலநடுக்கத்துக்குப் பின் ஏரி நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது. 1983-ல் எஞ்சியவை 32. இன்று ஒன்றுமில்லை.

நம் நாட்டுக்கு ஜிலேபிக் கெண்டை 1952-ல் வந்தது, புல் கெண்டை 1959-ல். புல் கெண்டை தன் எடை அளவுக்கு நீர்த்தாவரம் ஒரே நாளில் தின்னக்கூடியது. ஆகாயத்தாமரைக்கு எதிர்க் கணக்கு, சாதகமான சூழலில் இரு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். ஒன்று கூடு கட்டப் பொருளில்லாமல் செய்கிறது, மற்றொன்று முழுக இடமில்லாமல் செய்கிறது. நம்மிடம் 39,000 ஏரிகள் இருப்பதால் சின்ன முக்குளிப்பானுக்கு அலாவுத்ராவின் கதி உடனே வராது. ஆனால் ஏரிக்கு ஏரி அது நடக்க முடியும்.

என் கோரிக்கை அளவில் சிறியது. 20 எக்டேர் ஏரியில் ஒரு எக்டேர் கோரை ஓரம், டிசம்பர் முதல் பிப்ரவரி முடியச் செவுள் வலை போடாத பகுதியாகக் குத்தகைப் பத்திரத்தில் இருக்கட்டும். ஏரியில் அது 5 விழுக்காடு. குத்தகை ஒரு லட்சம் ரூபாய் என்றால் முழு ஆண்டுக்குமே 5,000 ரூபாய் தள்ளிக் கொடுத்தால் குத்தகைதாரருக்கு நட்டமில்லை. அவரிடமிருந்து அதைப் பிடுங்கக் கூடாது, ஊராட்சியோ துறையோ ஏற்க வேண்டும். ஜனவரிக் கணக்கெடுப்புத் தாளிலும் ஒரு கட்டம் கூட்டலாம். பறவை எண்ணிக்கைக்குப் பக்கத்தில், அன்று நீர் மதகின் அடிமட்டத்துக்கு மேலே எத்தனை சென்டிமீட்டர் நின்றது என்ற ஒரே ஓர் எண். மதகுச் சுவரில் அளவுகோல் வரைந்திருக்கும் ஏரிகளில் இந்த ஜனவரியிலேயே தொடங்கலாம். வரையாத ஏரிகளுக்கு ஒரு டப்பா பெயின்ட் போதும்.